இடது விலாவில் பட்ட உதை

சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்தபோது முதலில் நான் பீட்ரூட்டைத்தான் நினைத்தேன். முந்தின நாள் எங்கள் வீட்டில் பீட்ரூட் பொரியல். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போனபோது நிறம் இன்னும் அடர்த்தியாகி, புழுவைப் போல நீளமாக இரண்டு ரத்தக் கட்டிகளும் விழுந்தன. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வலி என்று பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் நான் தையல்காரி. என் கணவர் ஞானராஜ் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் வீடு, பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள் பியூலா. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிவிட்டது. வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் அடி வைப்பேன். அந்தக் காலைத் தவிர என் உடம்பில் ஒரு பழுதும் கிடையாது என்று அன்று காலை வரை நம்பியிருந்தேன்.

ரத்தத்தைப் பார்த்ததும் முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கராத்தே வகுப்பில் என் இடது விலாவில் ஒரு உதை பட்டிருந்தது.

ஆமாம், கராத்தே. நான் கராத்தே கற்றுக்கொண்டிருந்தது என் கணவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரில் ஒரு வீட்டில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழு மாதமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது.

அதற்கு முந்தின வருஷம் நான் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில். நெற்றி கிழிந்தது. அதைவிட, யார் யாரோ வந்து என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனாலும் அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் இருந்த மெர்சியிடம் சொல்லி அழுதேன். அவள் மகள் கராத்தே படிக்கிற இடத்தில் முதலில் எப்படி விழுவது என்றுதான் சொல்லித் தருகிறார்கள் என்றாள்.

அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. மாஸ்டர் தனசேகருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். "எனக்கு அடிக்கல்லாம் வேண்டாம் தம்பி. விழுறதுக்கு மட்டும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் காலைப் பார்த்தார். மற்றவர்களைப் போல உடனே பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"விழறதுதான் யக்கா மொத பாடமே. கால் வரலன்னா இன்னா, இடுப்பு கீதுல்ல? ரெண்டு கை கீதுல்ல? வா, பாத்துக்கலாம்."

எனக்காகவே நிலையை மாற்றினார். எல்லோரும் இடது காலை முன்னால் வைத்து நிற்கும்போது நான் வலது காலை முன்னால் வைத்து நிற்பேன். உடுப்பை நானே தைத்துக்கொண்டேன், கால்சட்டையின் இடது பக்கம் இரண்டு விரற்கடை குட்டையாக. பக்கவாட்டில் உருண்டு விழ, முழங்கையை ஊன்றித் தானாக எழ, மூச்சை அடிவயிற்றிலிருந்து உந்தி வெளியே தள்ளக் கற்றுக்கொண்டேன். பிறகு தடுக்கவும் கற்றுக்கொண்டேன். கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவர் கோபக்காரர் என்பதால் இல்லை. என் காலை நினைத்துப் பயப்படுகிறவர் அவர். அவர் பயப்படும்போது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

அந்த ஞாயிறு மாஸ்டர் மெதுவாக ஒரு உதை விட்டார். நான் கையால் கீழே தட்டி விலக்க வேண்டும். நூறு தடவை செய்ததுதான். அன்று இடது கால் மடங்கி உடம்பு திரும்பிவிட்டது. அவர் பாதம் விலா எலும்புக்குக் கீழே பட்டது. கதவில் இடித்துக்கொள்வோமே, அவ்வளவுதான் வலி.

"யக்கா! பட்டுச்சா?"

"இல்லப்பா, ஒண்ணுமில்ல."

உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தார். ரயிலேறி வீட்டுக்கு வந்து இரவுச் சமையலும் செய்தேன்.

மறுநாள் ரத்தம். கணவரிடம் ரத்தத்தை மட்டும் சொன்னேன். "கல்லா இருக்கும். பயப்படாத கிரேஸ்" என்று ஸ்கூட்டரில் ஏற்றி எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் மருத்துவர் என்னைப் புரட்டிப் பார்த்தார். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. அதை நானே அப்போதுதான் பார்க்கிறேன். அவர் என் கணவரைத் திரைக்கு வெளியே போகச் சொன்னார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. அவருக்குக் கேக்காது. இது உதைச்ச காயம். வீட்டுல அடிக்கிறாரா?"

பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரு நாள்கூட என்னை அடித்ததில்லை. அந்த மனிதர் திரைக்கு அந்தப் பக்கம் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இல்ல டாக்டர். கராத்தே கிளாஸ்ல பட்டுச்சு."

"யாருக்கு கராத்தே? உங்க பொண்ணுக்கா?"

"எனக்கு."

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. "பயப்படாதீங்கம்மா. போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்" என்றார். அடிபட்டு வருகிறவர்களைப் போலீஸ் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதியாம். நான் பதறிப்போய்ச் சத்தமாகவே சொன்னேன்: "என் வீட்டுக்காரர் இல்ல! சத்தியமா கராத்தே! ஏழு மாசமாப் போறேன்!"

திரை விலகியது. என் கணவர் முகத்தில் இருந்ததை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கோபம் இல்லை. தெரியாத ஒரு பெண்ணின் கட்டிலுக்குத் தவறி வந்துவிட்டவர்போல் நின்றார்.

மெர்சி வந்து சாட்சி சொன்ன பிறகுதான் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

பெண்கள் வார்டில் படுக்கை கிடைத்தது. அசையக் கூடாது. கையில் குளுக்கோஸ். சிறுநீரகத்தில் அடிபட்டால் பெரும்பாலும் படுத்திருந்தாலே ரத்தம் நின்றுவிடும் என்றார்கள். ஒவ்வொரு தடவை போகும் நீரையும் சிஸ்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து ஜன்னலோரம் வரிசையாக வைப்பார். நிறம் வெளுக்கிறதா என்று பார்ப்பதற்காம். வருகிற போகிற எல்லோரும் என் நீரைப் பார்த்தார்கள். பியூலா பள்ளிக்கூடம் விட்டு வந்து, அழாமல், எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். அவள் இறுக்கிப் பின்னுவாள். அது எனக்குத் தேவையாக இருந்தது. கணவர் கஞ்சி ஊற்றினார், தண்ணீர் கொடுத்தார், பேசவில்லை.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் தனசேகர் வந்திருக்கிறார், கையில் சாத்துக்குடிப் பையோடு. நான் அவரைப் பார்க்கவில்லை. வார்டு வாசலில் என் கணவரின் குரல்தான் கேட்டது. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நொண்டிக் கால்னு தெரிஞ்சும் ஒதச்சிருக்கியேலே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

தனசேகரின் குரல் சன்னமாகக் கேட்டது. "தப்பு என்னுதுதான் அண்ணாத்தே. யக்காகிட்ட சொல்லிடு."

நொண்டி. எங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என் கணவர் வாயில் வராத சொல். தெருவில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், எல்லாம் காய்ப்பு ஏறிவிட்டது. இது காய்ப்பு இல்லாத இடத்தில் பட்டது. சாத்துக்குடிப் பை வாசலிலேயே கிடந்தது. ஒரு ஆயா எடுத்து எல்லாப் படுக்கைக்கும் கொடுத்தார்.

குழாய்களில் நிறம் வெளுக்கவில்லை. வெளுப்பதுபோல் இருக்கும், மறுபடி சிவக்கும். ஐந்தாம் நாள் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியால் அழுத்திப் பார்ப்பது. வலிக்காது. பார்த்த டாக்டர் முதலில் சிஸ்டரோடு பேசிக்கொண்டே செய்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரை அழைத்தார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. எதுவென்று தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

பிறகு சி.டி. ஸ்கேன். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் ஓடுவதுபோல் இருக்கும். உடுத்தியிருப்பதிலேயே நீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

பெரிய டாக்டர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நரைத்த மீசை, சுருக்கமாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விரலால் வட்டம் போட்டார்.

"இடது சிறுநீரகத்துல ஒரு கட்டி இருக்கு. எலுமிச்சம்பழம் அளவு. இது அடிபட்டதால வந்ததில்ல. அந்த அடிக்கு நல்ல சிறுநீரகத்துல இவ்வளவு ரத்தம் வராது. கட்டி முன்னாலயே இருந்திருக்கு, அடி அதுமேல பட்டிருக்கு."

"என்ன கட்டி டாக்டர்?" என்றார் என் கணவர்.

"எடுத்துப் பரிசோதிச்சாத்தான் நிச்சயம். ஆனா புற்றுநோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிறுநீரகத்தோட சேர்த்து எடுத்துடணும்."

என் கணவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "அப்ப அந்தப் பையன் ஒதச்சதுனால இல்லியா?" என்று கேட்டார். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். கோபப்படுவதற்கு இருந்த ஒரே ஆளும் அவர் கையைவிட்டுப் போய்விட்டான். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உலகம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஒரு சிறுநீரகத்தை எடுக்கும் முன் மற்றது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் விளக்கெண்ணெய் குடித்து, பட்டினி கிடந்து, மறுபடி நரம்பில் மருந்து ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒரு எக்ஸ்ரே. மருந்து சிறுநீரகம் வழியாக இறங்குவது வெள்ளையாகத் தெரியும். அந்தப் படங்கள் காய்வதற்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரம்தான் இந்த முழுக் கதையிலும் மிக நீளமானது. இரண்டு சிறுநீரகம் இருந்தும் ஒன்று வேலை செய்யாதவர்கள் உண்டு என்று பக்கத்துப் படுக்கைக்காரி வேறு சொல்லிவைத்திருந்தாள். படம் வந்தது. வலது சிறுநீரகம் நன்றாக இருந்தது. என் கணவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

மயக்கம் கொடுக்கும் டாக்டருக்கு, ஒரு கால் குட்டையானதால் என் முதுகு கொஞ்சம் வளைந்திருப்பது கவலை. அப்படிப்பட்டவர்களுக்கு நுரையீரல் விரியாதாம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். அளவைப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"தையல்."

"வேற?"

என் கணவர் பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கராத்தே."

டாக்டர் சிரித்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம். நான் அறிந்தது ஒரு நொடி. கண்விழித்தபோது இடது பக்கம் முழுவதும் யாரோ சூடான இரும்பை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. விலாவில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். கடைசி விலா எலும்பில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்திருந்தார்கள். இருமினால்தான் நுரையீரலில் சளி கட்டாது என்பார்கள். இருமினால் தையல் தெறிப்பதுபோல் வலிக்கும். தலையணையை விலாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். என்போல் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் என்னை எழுப்பி உட்காரவைக்க வேண்டும் என்று சிஸ்டர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் என் கக்கத்தில் கைவைத்தார்கள். "வேண்டாம், விடுங்க" என்றேன். கண்ணை மூடி மூச்சை அடிவயிற்றிலிருந்து தள்ளினேன். வலது பக்கம் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, உள்ளங்கையால் உந்தினேன். உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் கொட்டியது, ஆனால் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு என் கணவர் கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அந்த மூன்று வாரத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இத அவந்தான் சொல்லிக் குடுத்தானா?"

"ஆமா."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "அன்னைக்கு வாசல்ல அந்த வார்த்தய..."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

கவிழ்த்த டம்ளரை மறுபடி எடுத்துக் கழுவினார்.

"நான் ஏழு மாசம் பொய் சொன்னதும் சொன்னதுதான்" என்றேன். அவர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் சூம்பிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் பாதத்தைப் பிடித்துவிட்டார்.

பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆனது. புற்றுநோய்தான். ஆனால் சிறுநீரகத்தின் உறைக்கு உள்ளேயே முழுதாக அடங்கியிருந்தது, வேறெங்கும் பரவவில்லை. வேறு சிகிச்சை வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். பெரிய டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வகைக் கட்டி சத்தமே போடாதும்மா. தானா வெளிய தெரியும்போது பெரும்பாலும் வேற இடத்துக்குப் போயிருக்கும். அந்த உதை படலன்னா நீங்க ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்திருப்பீங்க. நான் கத்தி எடுத்திருக்க மாட்டேன்."

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. என் கால் மடங்கியது, உடம்பு திரும்பியது, அவர் பாதம் அந்த இடத்தில் பட்டது. ஒரு சாண் இப்படி அப்படி ஆகியிருந்தால்? இதை நான் இன்று வரை முழுதாக நினைத்து முடித்ததில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறைதான் என்றாலும், வலியே இல்லை என்றாலும், சிறுநீர் சிவந்தால் பீட்ரூட் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள்.

மெர்சி பார்க்க வந்தபோதுதான் சொன்னாள், தனசேகர் அந்த வாரமே கொட்டகையைப் பூட்டிவிட்டார் என்று. யாருக்கும் சொல்லித் தருவதில்லையாம். என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "வீடு எங்க இருக்கு?" என்றார்.

பாரிவாக்கம். ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் விலாவைப் பிடித்துக்கொண்டேன். வயலை மனை போட்டுக் கல் நட்டிருந்த ஒரு ஓரத்தில் கல்நார்க் கூரை போட்ட வீடு. தனசேகர் வாசலில் பனியனோடு சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் கணவரைத்தான் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"வா அண்ணாத்தே, போலாம். போலீஸ் டேசனுக்குத்தானே? நீ வருவேன்னு தெரியும்."

நான் ஆட்டோவிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, ஸ்கேன், டாக்டர் சொன்னது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒதச்சதுல நல்லதாச்சுன்றியா யக்கா?"

"ஆமாப்பா."

"அப்டி சொல்லாத. அது உன் அதிர்ஷ்டம். ஒரு மாஸ்டர் கால் தன் கன்ட்ரோல்ல நிக்கணும். நிக்கல. தப்பு தப்புதான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம கிளாஸ் எத்தன மணிக்கு?"

"அத்த மூடிட்டேன் அண்ணாத்தே."

"தொறங்க. டாக்டர் ஆறு மாசம் போவட்டும்னு சொல்லிருக்காரு. ஒத்தக் கிட்னி. இனிமே யாரும் அவ மேல கையோ காலோ வைக்கக் கூடாது. தனியா நின்னு செய்யிறது என்னமோ இருக்காமே, அது மட்டும் போதும். நானே கொண்டாந்து விடுதேன்."

தனசேகர் போலீஸ் ஸ்டேஷனுக்கென்று போட்ட செருப்பைக் கழற்றி வாசல் ஓரம் விட்டார்.

"உள்ள வா யக்கா," என்றார். "படி கொஞ்சம் ஒசரம். பாத்து."